பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இல்லை: பிள்ளையின் உரிமையை எங்கே தொடங்குவது?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது 26. மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப்பருப்புத் தொழிற்சாலையில், வேலை. தக்கலையில் வாடகை வீட்டில் ஒருவரோடு மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்திருக்கிறார். தாலி கட்டவில்லை, சர்ச்சில் கல்யாண ஓலை வாசிக்கவில்லை, ரிஜிஸ்டர் ஆபீஸுக்கும் போகவில்லை. இப்போது ஏழு மாதப் பெண் குழந்தை. குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனபோது துபாய்க்குப் போனவர், கொஞ்ச நாள் பணம் அனுப்பிவிட்டு நிறுத்திவிட்டார். "அது எங்க பையனுக்குப் பிறந்ததே இல்லை" என்று அவர் வீட்டார் சொல்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கவேண்டிய இடம் காலி. "அந்தப் பெயரை ஏற்ற எந்த ஆபீஸுக்குப் போக வேண்டும்? பெயர் ஏறாவிட்டால் பிள்ளைக்கு ஒரு உரிமையும் கிடையாதா?" இதுதான் கேள்வி.

தங்கச்சி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. உரிமை உண்டு. பெற்றவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்களா என்பதைப் பார்த்து இந்த நாட்டில் பிள்ளையின் சாப்பாட்டு உரிமை முடிவாவதில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவும் அதையே சொல்கிறது: முறைப்படி பிறந்த பிள்ளையானாலும் கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையானாலும், தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு, வசதியுள்ள தகப்பன் பராமரிப்புத் தொகை கொடுத்தே ஆக வேண்டும். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்ற வேறுபாடு இதில் இல்லை.

இனி முதல் கேள்வி. நாகர்கோவிலிலும் பத்மநாபபுரத்திலும் இருபது வருஷத்துக்கு மேலாகக் குடும்ப வழக்குகள் நடத்துகிறேன். உங்கள் நிலையில் வருகிற பெண்கள் முக்கால்வாசிப் பேர் இந்த ஆபீஸ் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள். அங்கேதான் காலம் வீணாகிறது. ஒரு அம்மா இரண்டு வருஷம் பேரூராட்சி, தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் மனுநீதி நாள் என்று அலைந்துவிட்டு என்னிடம் வந்தார். கையில் இருந்ததெல்லாம் மனு கொடுத்த ரசீதுகள். அந்த இரண்டு வருஷத்துக்கான பணம் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவே இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பிறப்புப் பதிவாளர் நீதிபதி கிடையாது. பிறப்பு நடந்ததையும், தகவல் கொடுத்தவர் சொன்னதையும் அவர் எழுதிக்கொள்கிறார், அவ்வளவுதான். ஒரு பெண் தனியாகப் போய் "இவர்தான் அப்பா" என்று சொன்னால், அந்த மனிதர் இல்லாதபோது அவர் பெயரை எழுத மாட்டார். எழுதவும் கூடாது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு திருத்தம் செய்ய அனுமதிக்கிறது, ஆனால் அது பதிவில் விழுந்த பிழையைச் சரிசெய்வதற்கு. மறுக்கிற ஒருவரைத் தகப்பனாக்குவதற்கு இல்லை. அவர் மனதார ஒத்துக்கொண்டால் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அடையாளச் சான்றுகளோடு கேட்கலாம். மறுக்கிறார் என்றால் நீதிமன்றத்தின் உத்தரவு வந்த பிறகுதான் பதிவேடு மாறும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சான்றிதழில் பெயர் ஏறியிருந்தாலும் அது தகப்பன் யார் என்பதற்கு முடிவான சாட்சி ஆகாது, பல சாட்சிகளில் ஒன்றாகத்தான் நிற்கும். அந்தக் காகிதத்தின் மேல் நம் ஊரில் வைத்திருக்கிற பாரம் அதற்கு உள்ள பலத்தைவிட மிகப் பெரியது.

அதுவரை அந்த இடம் காலியாக இருக்கலாமா? தாராளமாக இருக்கலாம். 2015இல் உச்ச நீதிமன்றம், திருமணமாகாத ஒரு கிறிஸ்தவத் தாயின் வழக்கில், தகப்பன் யார் என்று சொல்லச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, தகப்பனுக்கு நோட்டீஸ் கொடுக்காமலே தாயைக் காப்பாளராக நியமிக்கலாம், தாயின் பிரமாணப் பத்திரம் போதும், பிறப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. பாஸ்போர்ட்டுக்கு 2016 டிசம்பர் முதல் பெற்றவர்களில் ஒருவர் பெயர் போதும். பான் கார்டிலும் தாய் மட்டும் உள்ள பிள்ளைக்கு அப்பா பெயர் கட்டாயமில்லை என்று 2018இல் விதி மாறியது. பள்ளியில் உங்கள் பெயரின் முதலெழுத்தையே இனிஷியலாகக் கொடுங்கள். "இனிஷியல் இல்லாத பிள்ளை ஆகிவிடுமே" என்று எழுதியிருந்தீர்கள். நம் மாவட்டத்தில், அதுவும் நாஞ்சில் நாட்டில், மூன்று தலைமுறைக்கு முன்னால் வரை தாய்வழியில் தறவாடும் (குடும்ப வீடும்) சொத்தும் போன குடும்பங்கள் எத்தனை! மருமக்கத்தாயத்தில் வளர்ந்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு அப்பா இனிஷியல் இல்லை என்று ஒரு குழந்தையைக் குறைவாகப் பார்க்கிறார்கள். அம்மாவின் இனிஷியல் இந்த மண்ணுக்குப் புதுசே இல்லை. குழந்தைக்குப் பெயர் இன்னும் பதியவில்லை என்றால் பிறந்து 12 மாதத்துக்குள் பதிந்துவிடுங்கள், கட்டணம் கிடையாது.

சரி, எங்கேதான் தொடங்குவது? பராமரிப்பு மனுவில். குழந்தை மனுதாரர், நீங்கள் அவளுடைய காப்பாளர். "இவர் என் தகப்பன், வசதி இருந்தும் என்னைப் பார்க்கவில்லை" என்று குழந்தையின் பெயரில் கேட்கிறோம். அவர் "நான் தகப்பன் இல்லை" என்று மறுத்தால் நீதிமன்றம் அந்தக் கேள்விக்குள் போயே ஆக வேண்டும். சாட்சி கேட்டு, தேவைப்பட்டால் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பி, ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். தகப்பன் யார் என்ற தீர்ப்பும் சாப்பாட்டுக்கான பணமும் ஒரே மனுவில் வருகின்றன. அதனால்தான் இதை முதல் படி என்கிறேன்.

எந்த நீதிமன்றம் என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நீங்கள் இப்போது அம்மா வீட்டில் இருக்கலாம். சட்டம் சொல்வது, எதிர்மனுதாரர் இருக்கும் இடம், அல்லது அவர் குழந்தையின் தாயோடு கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம். உங்களுக்கு அது தக்கலை. ஆக வழக்கு நம் மாவட்டத்துக்குள்ளேயே நடக்கும், அவர் துபாயில் இருக்கிறார் என்பதால் எங்கும் ஓட வேண்டாம். நாகர்கோவில் குடும்ப நீதிமன்றத்தில் போடுவதா, மாஜிஸ்ட்ரேட்டிடம் போடுவதா என்பதை உங்கள் வக்கீல் எல்லை பார்த்துச் சொல்லுவார். குடும்ப நீதிமன்றத்தில் இரண்டு தரப்பில் ஒருவர் கேட்டாலே விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும். ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள் என்று பயப்படாதீர்கள், முதல் நாளே அதைக் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

மனுவோடு இடைக்காலத் தொகைக்கும் ஒரு மனு சேர்க்க வேண்டும். நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளுக்குள் அதை முடிக்கச் சொல்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும், ஆனாலும் போடாமல் விடக்கூடாது. 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைக் கட்டாயமாக்கியது: இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும்; பராமரிப்புத் தொகை மனு போட்ட நாளிலிருந்து கணக்காகும். அந்த அம்மாவின் இரண்டு வருஷம் போனது இதனால்தான். மனு போட்ட நாளிலிருந்துதான் பணம் ஓடத் தொடங்குகிறது. நீங்கள் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் கையிலிருந்து போகிற மாதம். தொகைக்கு முன்பு மாதம் 500 ரூபாய் என்று ஒரு உச்சவரம்பு இருந்தது, 2001இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் சம்பளத்துக்கும் பிள்ளையின் தேவைக்கும் ஏற்றபடி கேட்கலாம்.

இனி சாட்சி. எல்லோரும் டிஎன்ஏ, டிஎன்ஏ என்கிறார்கள். நான் அதை இரண்டாவதாக வைப்பேன். நீதிமன்றம் கேட்டவுடனே பரிசோதனைக்கு உத்தரவு போட்டுவிடாது. 1993இல் கௌதம் குண்டு வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் சொல்லி வருவது, வழக்கமான சடங்குபோல இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பக் கூடாது, அதற்கான அடிப்படையை முதலில் காட்ட வேண்டும் என்பது. அந்த அடிப்படையைத்தான் நீங்கள் இப்போது சேர்க்க வேண்டும்.

உங்களிடம் இருப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம். கர்ப்பமாக இருந்தபோது கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் வாங்கியிருப்பீர்கள். அந்தத் தாய் சேய் நல அட்டையில் கணவர் பெயர் என்ற இடத்தில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிரசவம் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ வேறெங்கோ நடந்திருக்கும். ஆபரேஷன் என்றால் ஒப்புதல் படிவத்தில் யாராவது கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அவர் போட்டிருந்தால், "கணவர்" என்று உறவுமுறை எழுதி அவர் கையாலேயே போட்ட கையெழுத்து அது! எத்தனை வழக்கில் இந்த ஒரு தாள் மொத்தப் பேச்சையும் நிறுத்தியிருக்கிறது. உள்நோயாளிப் பதிவேடுகளை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி, அதனால் இப்போதே எழுத்து மூலம் நகல் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரி தராமல் இழுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

வாடகை ஒப்பந்தம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வீட்டு உரிமையாளரே சாட்சி. பக்கத்து வீட்டுக்காரர், பால் ஊற்றினவர், கேஸ் கனெக்‌ஷன் ரசீது, இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ, குழந்தைக்கு இருபத்தெட்டாம் நாள் சடங்கு கழித்தபோது அவர் மடியில் வைத்திருக்கிற படம், துபாயிலிருந்து உங்கள் கணக்குக்கு வந்த பணத்தின் வங்கிப் பட்டியல், எல்லாம் சாட்சிதான். வாட்ஸ்அப்பில் "பாப்பாவுக்கு எப்படி இருக்கு" என்று அவர் அனுப்பின ஒரு குரல் பதிவு பத்து சாட்சிக்குச் சமம். இதில் ஒரு எச்சரிக்கை. ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணு ஆதாரத்துக்குச் சட்டப்படி ஒரு சான்று இணைக்க வேண்டும், அதற்கு அந்தப் போனே வேண்டும். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், வாட்ஸ்அப்பை அழித்து மறுபடி ஏற்றாதீர்கள்.

கத்தோலிக்கர்களாக இருந்து குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் பங்குப் பதிவேட்டையும் பாருங்கள். திருச்சபைச் சட்டப்படி, திருமணமாகாத தாயின் பிள்ளைக்குத் தகப்பன் பெயரை எழுத வேண்டுமானால் அரசு ஆவணம் வேண்டும், அல்லது அவரே பங்குத்தந்தை முன்னால் இரண்டு சாட்சிகளோடு "என் பிள்ளை" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆக அந்தப் பதிவேட்டில் பெயர் முறைப்படி ஏறியிருந்தால், பின்னால் இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள் என்று பொருள். கோட்டார் மறைமாவட்டத்திலும் குழித்துறை மறைமாவட்டத்திலும் உள்ளவர்கள் இந்தப் பதிவேட்டை மறந்துவிடுகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

இவ்வளவும் வைத்த பிறகு மரபணுப் பரிசோதனைக்கு மனு போட்டால் அதற்குப் பலம் இருக்கும். இந்தியாவில் தகப்பன் யார் என்ற கேள்விக்கு டிஎன்ஏ முதன்முதலில் பதில் சொன்னதே உங்களைப் போன்ற ஒரு தாயின் வழக்கில்தான், நமக்குப் பக்கத்து மாநிலத்தில். 1980களின் கடைசியில் தலசேரி நீதிமன்றத்தில், கல்யாணமாகாத ஒரு பெண் தன் பிள்ளைக்குப் பராமரிப்புக் கேட்டார். அந்த மனிதர் மறுத்தார். ஹைதராபாத் விஞ்ஞானி லால்ஜி சிங்கின் பரிசோதனை, மறுத்தவர்தான் தகப்பன் என்று காட்டியது. 1991இல் கேரள உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு இந்தப் பரிசோதனை செய்ய வெகுதூரம் போக வேண்டாம், திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்திலேயே வசதி இருக்கிறது. எங்கே அனுப்புவது என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் ஒரு தடவல், அல்லது சில சொட்டு இரத்தம், குழந்தைக்கு அவ்வளவுதான். அடையாளம் சரிபார்த்து, சாட்சி முன்னால் எடுத்து, முத்திரை வைத்து அனுப்புவார்கள். அந்த வரிசை உடையாமல் இருந்தால்தான் முடிவு நிற்கும். இணையத்தில் விற்கிற பெட்டியை வாங்கி வீட்டில் யாருடைய தலைமுடியையோ வைத்துச் செய்கிற சோதனைக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

அவர் வர மறுத்தால்? ஆளைப் பிடித்து இழுத்து இரத்தம் எடுக்க மாட்டார்கள். ஆனால் உத்தரவுக்குப் பிறகும் மறுத்தால், பரிசோதனை தனக்கு எதிராக வரும் என்பதால்தான் மறுக்கிறார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். 2003இலும் 2014இலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியிருக்கிறது. உத்தராகண்ட், உத்தரப் பிரதேச முதல்வராக இருந்த என்.டி. திவாரி எத்தனையோ வருஷம் தட்டிக்கழித்துப் பார்த்தார். கடைசியில் 2012இல் இரத்தம் கொடுத்தார், ரோஹித் சேகர் அவருடைய மகன் என்று முடிவு வந்தது. அந்த வழக்கைப் போட்டது வளர்ந்து பெரியவரான மகன்தான். ஆகவே "காலம் கடந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள்.

ஒரு கேள்வியை நான் உங்களிடம் நேராகக் கேட்டாக வேண்டும், வருத்தப்படாதீர்கள். அந்தக் காலத்தில் உங்களுக்கு வேறு யாரோடாவது சட்டப்படியான கல்யாணம் முறியாமல் இருந்ததா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இல்லை. ஆனால் இதைப் படிக்கிற வேறு சிலருக்கு இருக்கலாம், அவர்களுக்கு நிலைமை தலைகீழ். கல்யாணம் நடப்பில் இருக்கும்போது பிறந்த பிள்ளை, கல்யாணம் முறிந்து 280 நாளுக்குள் தாய் மறுமணம் செய்யாமல் இருக்கும்போது பிறந்த பிள்ளை, இவை அந்தக் கணவரின் பிள்ளைதான் என்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 116ஆம் பிரிவு முடிவாகச் சொல்கிறது. கணவனும் மனைவியும் ஒன்றுசேர வாய்ப்பே இல்லாமல் இருந்தார்கள் என்று காட்டினால் மட்டுமே அது உடையும். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி அழுத்திச் சொன்னது. வேறொருவர்தான் உண்மையான தகப்பன் என்று சொல்லி அவரை டிஎன்ஏவுக்கு இழுக்க அனுமதிக்கவில்லை. உங்களுக்கு இந்தச் சுவர் கிடையாது. கல்யாணமாகாத தாய்க்கு இந்தச் சட்டத்தில் இருக்கிற ஒரே அனுகூலம் இது என்றுகூடச் சொல்லலாம்.

துபாய் விஷயம். சம்மனை அவர் வீட்டு முகவரிக்கே அனுப்பலாம். முன்பு வீட்டிலிருக்கும் வயதுவந்த ஆணிடம்தான் கொடுக்க முடியும், புதிய சட்டத்தில் வயதுவந்த எந்தக் குடும்ப உறுப்பினரிடமும் கொடுக்கலாம். மின்னணு வழியில் அனுப்பவும் இடமிருக்கிறது. வேண்டுமென்றே வராமல் இருக்கிறார் என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்தால் அவர் இல்லாமலே உத்தரவு போடலாம். பணம் கட்டாவிட்டால் வாரண்ட் கேட்கலாம், ஆனால் பாக்கி விழுந்த ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். இதை நாட்காட்டியில் குறித்துவையுங்கள், பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். கல்ஃப்காரர்கள் லீவுக்கு வருவார்கள், கிறிஸ்துமஸுக்கு வருவார்கள், வீட்டுக் கல்யாணத்துக்கு வருவார்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் அந்த நாட்களில் பரிசோதனைக்குத் தேதி கேட்க முடியும். வழக்கே இல்லை என்றால் அவர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

இதற்கிடையில் ஊர்க் கமிட்டியோ பங்குப் பேரவையோ அவருடைய மாமாவோ ஒரு முத்திரைத்தாளைக் கொண்டு வருவார்கள். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, "இனி எனக்கும் பிள்ளைக்கும் எந்த உரிமையும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். நல்ல மனசோடுகூடக் கேட்பார்கள், பிரச்சினை முடியட்டும் என்று. போடாதீர்கள். பிள்ளையின் பராமரிப்பு உரிமை உங்களுடையது இல்லை, விட்டுக்கொடுப்பதற்கு. அப்படி எழுதினாலும் நீதிமன்றத்தில் அது பிள்ளையைக் கட்டாது. ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் இதைப் படித்தால், அதற்காக மனம் தளர வேண்டாம். இப்படிக் கையெழுத்துப் போட்டு ஆறு வருஷம் கழித்து வந்த ஒரு தாய்க்கு நான் மனு போட்டுப் பணம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சொல்லப்போனால் அந்த முத்திரைத்தாளே எங்களுக்குச் சாட்சியாக உதவியது. தன் பிள்ளை இல்லையென்றால் எதற்காகப் பணம் கொடுத்தார் என்ற கேள்விக்கு அந்தத் தரப்பிடம் பதில் இல்லை.

தகப்பன் என்று நிரூபணமானால் சொத்தும் வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் அண்ணன் கேட்பார். இங்கே நான் ஆறுதலுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். கல்யாணமே இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தாயின் சொத்தில் உரிமை உண்டு, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் பங்கு இல்லை. ஆனால் அவர் விட்டுப்போன சொத்திலிருந்து பராமரிப்புக் கேட்கும் உரிமை உண்டு. மைனர் மகனுக்கும் கல்யாணமாகாத மகளுக்கும் 1956ஆம் வருஷ இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் அதைத் தருகிறது. முஸ்லிம் சட்டத்தில், நம் பக்கத்து சுன்னி மரபில், அப்படிப் பிறந்த பிள்ளை தாய்க்கும் தாய்வழிக்கும்தான் வாரிசு. கிறிஸ்தவர்களுக்கும் உயில் இல்லாவிட்டால் இதே கதைதான். உயில் எழுத மனமுள்ள தகப்பன் இருந்தால், "என் பிள்ளைகளுக்கு" என்று பொதுவாக எழுத விடாதீர்கள். வேறு குறிப்பு இல்லாதபோது அந்தச் சொல்லுக்குக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளை என்றே இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருள் கொள்கிறது. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர் எல்லாம் போட்டு எழுத வேண்டும்.

ஆனால் "கல்யாணமே இல்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இன்னொரு தடவை யோசியுங்கள். இரண்டு பேரும் இந்துக்களாக இருந்து, நண்பர்கள் நான்கு பேர் முன்னால் மாலை மாற்றிக்கொண்டதோ மோதிரம் போட்டுக்கொண்டதோ உண்டா? தமிழ்நாட்டில் 1967ஆம் வருஷத் திருத்தப்படி அது செல்லுபடியாகும் கல்யாணம், ஐயரும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம். அவருக்கு ஏற்கெனவே மனைவி இருந்து அந்தக் கல்யாணம் செல்லாது போனாலும், அதில் பிறந்த பிள்ளைக்கு இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு முறையான பிள்ளை என்ற தகுதியைத் தருகிறது. பூர்வீகச் சொத்தில் தகப்பனுக்கு வரக்கூடிய பங்கிலும் அந்தப் பிள்ளைக்குப் பங்கு உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சடங்கு எதுவுமே இல்லாவிட்டாலும், நீண்ட காலம் கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்தவர்களைக் கல்யாணமானவர்கள் என்றே ஊகிக்கலாம் என்ற சட்டக் கொள்கை இருக்கிறது. உங்கள் மூன்று வருஷம் அதற்குப் போதுமா என்பது சாட்சியைப் பொறுத்தது, எளிதில் கிடைக்காது என்றே நான் நினைக்கிறேன். உங்களுக்கென்று ஏதாவது தொகை கேட்க, 2005ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் திருமணம் போன்ற உறவுக்கு இடமிருக்கிறது. அதற்குத் தனி மனு.

பராமரிப்பு வழக்கில் வரும் முடிவு சுருக்க விசாரணையில் வருவது. "இவர்தான் என் தகப்பன்" என்று முழு அறிவிப்பு வேண்டுமென்றால் தனியாக விளம்புகை வழக்குப் போட வேண்டும். அந்தத் தீர்ப்போடு போனால் பிறப்புப் பதிவேட்டில் பெயர் ஏற்றுவதும் எளிது. அதை இரண்டாவது கட்டமாக, கையில் டிஎன்ஏ அறிக்கை வந்த பிறகு போடுங்கள் என்பது என் அபிப்பிராயம். முதலிலேயே அதைப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும்போது பிள்ளைக்குப் பால்பொடி வாங்க அது உதவாது.

போலீஸில் புகார் கொடு என்று சொல்பவர்களும் இருப்பார்கள். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று ஏமாற்றி உறவு வைப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவில் குற்றம்தான், பத்து வருஷம் வரை தண்டனை உண்டு. ஆனால் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதை அங்கே நிரூபிக்க வேண்டும், அந்த வழக்கால் பிள்ளைக்கு மாதாமாதம் பணம் வராது. உண்மையிலேயே அப்படி ஏமாற்றப்பட்டிருந்தால் கொடுங்கள், பணம் வாங்க ஒரு மிரட்டலாகக் கொடுக்காதீர்கள். தாய் 18 வயது நிறையாதவர் என்றால் மட்டும் நான் சொன்ன எதுவும் முதல் படி இல்லை. அது போக்சோ வழக்கு, 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

"அப்பா பெயர் வந்தால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாரோ" என்ற பயம் பல தாய்மார்களைக் கோர்ட் வாசலிலிருந்து திருப்பி அனுப்புகிறது. இந்துக்களுக்குச் சட்டமே சொல்கிறது, கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு முதல் இயற்கைக் காப்பாளர் தாய், அவருக்குப் பிறகுதான் தகப்பன். மற்றவர்களுக்கும் நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலனை. ஐந்து மாதமாக முகம் பார்க்க வராத ஒருவரிடம் தூக்கிக் கொடுக்க எந்த நீதிபதியும் அவசரப்பட மாட்டார்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி கொடுக்க வேண்டும் என்பது 1987ஆம் வருஷச் சட்டம். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா அளவில் வட்டக் குழுக்களும் உண்டு. 15100க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். போகும்போது தாய் சேய் அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், வீட்டு உரிமையாளர் பெயர், பிள்ளையின் தகப்பனுடைய ஊர் முகவரி, இவற்றை ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். அண்டி ஆபீஸில் அரை நாள் லீவு கேட்டால் போதும், முதல் நாள் அதற்கு மேல் ஆகாது. பிள்ளையை வீட்டில் விட ஆள் இல்லையென்றால் தூக்கிக்கொண்டே போங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்தப் போனை மட்டும் மறந்துவிடாதீர்கள்.